பகலில் எங்கே தூங்குவார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கிராமம். சொந்தமாக இரண்டு டிப்பர்களும் ஒரு தண்ணீர் லாரியும் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி, எம்-சாண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நெடுஞ்சாலையில் தார் மேல்தளம் போடும் ஒரு பெரிய கம்பெனி எட்டு மாதத்துக்கு டிப்பர்களைக் கேட்கிறது. 'நீங்கள் எங்கள் பங்குதாரர் மாதிரி' என்கிறார் அவர்களுடைய மேலாளர். இரவு வேலை, நடைக்கு இவ்வளவு என்று வாடகை. தார்க் கலவை தயாராகும் பிளாண்ட்டிலிருந்து சைட் 35 கிலோமீட்டர். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 14 பக்கம். எந்த விபத்தானாலும் பொறுப்பு வண்டி உரிமையாளருடையது என்று அதில் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொன்னார். என் மூத்த ஓட்டுநர் அப்பா காலத்து ஆள், 51 வயது. எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 'ராத்திரி நான் ஓட்டுகிறேன், பகலில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே' என்கிறார். பத்து நாள் வெள்ளோட்டமாக ஓட்டிப் பார்த்ததில், ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்குச் சாலை நடுவே இருக்கும் மெடியனில் உரசியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. கிளீனர் பையன்தான் சொன்னான். அவர் குறட்டை விட்டால் கொட்டகையே அதிரும் என்றும் சொல்லிச் சிரித்தான். என் மனைவியோ, 'அந்தக் கேம்ப்பில் ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்' என்கிறாள். கையெழுத்துப் போடலாமா? ஓட்டுநர்களை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது? பெரியவரிடம் மெடியன் விஷயத்தைக் கேட்பதா, விட்டுவிடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நல்ல யோசனை உங்கள் மனைவி சொன்னதுதான். நெடுஞ்சாலைப் பணிகளில் பாதுகாப்பு அலுவலராக 27 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். இரவில் போகாதீர்கள், பகலில் போங்கள். காலை ஏழு மணிக்கு இரவு ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்குவார்கள். அப்போது போய், அவர்கள் எங்கே குளிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் தலை சாய்க்கிறார்கள் என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் நீங்களும் ஒரு பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். உங்களுக்கு அங்கே தூக்கம் வந்தால் மற்றதைப் பேசலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. உங்கள் பெரியவர் சொன்ன 'வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன்' என்ற வார்த்தையைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு சைட்டில், இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவர் காலை பத்து மணிக்கு டிப்பரின் பின்சக்கரத்துக்கு முன்னால், நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். வண்டியைக் கழுவ எடுத்துப்போக வந்த மாற்று ஓட்டுநர் குனிந்து பார்க்கவில்லை. சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது அவருடைய தூக்குவாளி மூடி கூடத் திறக்காமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அன்று அப்படி எழுதுவதுதான் வழக்கம்.

மறுநாள் மதியம் அவர்களுக்குக் கொடுத்திருந்த தகரக் கொட்டகைக்குள் போனேன். தார்க் கலவையின் சூட்டை அளக்கும் கம்பி வெப்பமானி சட்டைப் பையில் இருந்தது. எடுத்து ஒரு கட்டிலின் மேல் வைத்தேன். 44 டிகிரி காட்டியது. வெளியே மர நிழலில் 38. தகரத்தின் கீழே பதினெட்டுக் கட்டில், ஒரு மின்விசிறி. கலவை ஆறிவிடக் கூடாது என்று எங்களிடம் மூன்று வெப்பமானிகள் இருந்தன. ஆட்கள் வேகக் கூடாது என்று ஒருவரும் அந்தக் கொட்டகைக்குள் ஒன்றைக் கொண்டுபோனதில்லை. அந்த மனிதர் ஏன் சக்கரத்தின் நிழலைத் தேடிப் போனார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிய அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

இரவு ஓட்டுகிறவனுக்குச் சோறு எப்படியோ பகல் தூக்கமும் அப்படி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலையில் இருக்கும் என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதோ 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். பெரியவர் காலையில் பத்து மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் சந்தைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அலைந்துவிட்டு மாலையில் வண்டி எடுத்தால், விடியற்காலை மூன்று மணிக்கு அந்த 17 மணி நேரம் நிறைந்துவிடும். ஒரு சொட்டு குடிக்காமலே வரம்பைத் தாண்டிய நிலையில் ஓட்டுவார். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குள் இறங்கும் நேரம் வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அசந்தால் வண்டி 50 மீட்டர் யாரும் ஓட்டாமல் ஓடும். மெடியனில் உரசியதோடு போனது உங்கள் குடும்பத்தின் நல்ல நேரம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன்.

'பங்குதாரர்' என்ற சொல்லில் மயங்க வேண்டாம். சாலைப் பணியில் மேலிருந்து கீழே ஒரு ஏணி உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வேலையைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்கும். கம்பெனி மண் வேலையை ஒருவருக்கு, தார் வேலையை ஒருவருக்கு, வண்டிகளை ஒருவருக்குப் பிரித்துக் கொடுக்கும். ஏணியின் கடைசிப் படியில் நீங்கள். உங்களுக்குக் கீழே உங்கள் ஓட்டுநர். மேலே ஒரு நாள் தாமதமானால் அந்த அவசரம் ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் அவருடைய வலது காலில் வந்து நிற்கும். உண்மையான கூட்டு என்றால் லாபத்தோடு அந்த அவசரத்தையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கையில் இருக்கும் 14 பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

நடைக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்று போட்டுப் பாருங்கள். பிளாண்ட்டில் லோடு ஏற்றி எடை போட அரை மணி. 35 கிலோமீட்டர் லோடோடு போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கலவையைச் சாலையில் பரப்பும் பேவர் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்று கொட்ட முக்கால் மணி. வெறும் வண்டியோடு திரும்ப முக்கால் மணி. ஆக ஒரு நடைக்கு மூன்று மணி நேரம். மாலை ஏழு மணிக்குப் பிடித்தால் விடியற்காலை நான்கு மணிக்கு மூன்று நடை முடியும். அப்போதே எட்டு மணி நேர வேலையைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் நடைக்குப் பேட்டா என்றால் ஓட்டுநர் நான்காவது நடைக்கு வரிசையில் நிற்பார். நின்றுதான் ஆவார், வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருக்கும். அந்த நான்காவது நடைதான் ஆளைக் கொல்லும் நடை. நான் பார்த்த கோர விபத்துகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் நடந்தவை.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஜல்லி அடித்தவருக்கு அது புதிது. ஜல்லி ஆறாது, தார்க் கலவை ஆறும். சாதாரணமாகப் பயன்படுத்தும் வி.ஜி. 30 என்ற ரகத் தாரில் செய்த கலவை பிளாண்ட்டிலிருந்து 150 முதல் 165 டிகிரி சூட்டில் வெளியே வர வேண்டும். பேவரில் கொட்டும்போது 140-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இன்ஜினியர் லோடைத் திருப்பி அனுப்புவார், அது அவர் கடமை. ஆனால் திருப்பிய லோடின் விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் அது வண்டிக்காரர் பில்லில் கழியும். அது தெரிந்த ஓட்டுநர் என்ன செய்வார்? கலவை ஆறுவதற்குள் போய்ச் சேர ஆக்சிலரேட்டரை மிதிப்பார். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெடியன் திறப்பு வரை போய்த் திரும்பாமல் எதிர்த்திசையில் ஏறுவார். விளக்கை மட்டும் எரியவிட்டு எதிர்த்திசையில் வரும் டிப்பரைப் போல நெடுஞ்சாலையில் கொடுமையான காட்சி வேறு இல்லை. சைட் சூப்பர்வைசரே 'ஏறி வந்துவிடு' என்று போனில் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆகவே மேலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வாடகையைக் கூட்டித் தரச் சொல்லி அல்ல. வாடகையின் முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நடைக் கணக்கு வேண்டாம், மாத வாடகை வேண்டும், மாதத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி என்று எழுதச் சொல்லுங்கள். முடியவே முடியாது என்றால் ஒரு இரவுக்கு ஒரு வண்டி மூன்று நடைக்கு மேல் இல்லை என்றும், பேவர் நின்றுபோய் வண்டி காத்திருந்தால் காத்திருந்த நேரத்துக்கும் பணம் உண்டு என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தார்ப்பாய் சரியாக மூடி, புறப்பட்ட நேரம் சீட்டில் குறித்து வந்த லோடு ஆறிப்போனால் அதற்கு வண்டிக்காரர் பொறுப்பல்ல என்று இன்னொரு வரி. எதிர்த்திசையில் ஓட்டச் சொல்லி யார் உத்தரவிட்டாலும் ஓட்டுநர் மறுக்கலாம், மறுத்ததற்காகப் பில்லில் கை வைக்கக் கூடாது என்று மூன்றாவது வரி. இந்த மூன்று வரிக்கு அவர்கள் என்ன முகம் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். நல்ல கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலையும் குறித்த நாளில் முடிந்தது.

'விபத்துக்கு எல்லாம் வண்டிக்காரரே பொறுப்பு' என்ற பத்தியைப் பற்றி. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீட்டுக் கதவு மூடாது. ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை வேலையளிப்பவரிடம் இழப்பீடு கோரலாம் என்று 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்ட பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால் கொடுத்த பணத்தைக் கம்பெனி உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம், அங்கேதான் அந்தப் பத்தி உங்களைக் கடிக்கும். எச்சரிக்கைப் பலகை வைக்காதது, வெளிச்சம் இல்லாதது, பின்னோக்கி வரும் வண்டிக்குக் கைகாட்ட ஆள் போடாதது போன்ற கம்பெனியின் குறைகளால் நடந்தவற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று அந்தப் பத்தியில் விலக்கு கேளுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் வண்டி இன்சூரன்ஸ் பாலிசியையும் அன்றே பிரித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறதா? கிளீனரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னோக்கி வரும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன்தான்.

பணம் வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வார்த்தை. சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே எடுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'எங்களுக்கு மேலே இருந்து வந்ததும் தருவோம்' என்ற பேச்சு அதற்கு முன் நிற்காது. பில் வராத மாதத்தில் முதலில் நிற்பது பிரேக் வேலையும் டயரும்தான், அதனால்தான் இதையும் பாதுகாப்பில் சேர்க்கிறேன்.

இனி ஓட்டுநர்கள். இரண்டு டிப்பருக்கு இரண்டு ஓட்டுநர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், இருக்கிற ஒருவர் இரட்டை வேலை பார்க்கும் நிலை வரக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்பதெல்லாம் 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்தவை. புதிய தொகுப்பிலும் எட்டு மணி நேரம் மாறவில்லை, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். மூன்றாவது ஆளின் சம்பளத்தை வாடகைப் பேச்சிலேயே சேர்த்துப் பேசுங்கள். நடைப் பேட்டாவை நிறுத்திவிட்டு மாதச் சம்பளமும் நாள் படியும் கொடுங்கள். அவர்கள் இப்போது நான்கு நடையில் சம்பாதிப்பது மூன்று நடையில் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நான்காவது நடை ஓடும்.

வண்டியில் கவனிக்க வேண்டியவற்றில் அதிகம் மறக்கப்படுவதைச் சொல்கிறேன். பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளி திருப்பும் பட்டை ஒட்டியிருப்பீர்கள். சைட்டில் மூன்றே நாளில் அதன் மேல் தூசியும் தாரும் படிந்து செத்துப்போகும். தினமும் மாலை வண்டி எடுக்கும் முன் கிளீனர் பையன் ஈரத்துணியால் அதைத் துடைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஓரத்தில் நிற்கும் டிப்பரின் பின்னால் விரைவுப் பேருந்து வந்து மோதும் விபத்துகளில் பல, அந்த இரண்டு நிமிடம் செலவழிக்காததால் நடந்தவை. அடுத்தது டிப்பரின் தொட்டி. தொட்டியைத் தூக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இருட்டில் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும், கம்பத்தைத் தேடச் சொல்லுங்கள். கொட்டிய பின் தொட்டியை முழுதாக இறக்காமல் வண்டி நகரக் கூடாது. பேவரை நோக்கிப் பின்னால் வரும்போது கைகாட்டுபவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் 'வா வா' என்று கத்தும் சைட்டில் யாரோ ஒருவர் அடிபடாமல் வேலை முடிவதில்லை.

சூடான தார் மேலே பட்டால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தாரைப் பிய்க்கவே கூடாது, தோலோடு வந்துவிடும். அது மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் போனில் ஏற்றுவதோடு நிற்காமல் தகட்டில் எழுதி கேபினில் ஒட்டுங்கள், போன் உடைந்துபோயிருக்கலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசு இல்லையே என்று யோசித்துத் தாமதித்து ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களை நான் அறிவேன்.

கேம்ப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கே ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா ஆட்கள் பேவரிலும், கலவையை இழுத்துச் சமப்படுத்தும் ரேக்கிலும் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் அவர்களுக்கு ஒன்றுமாக உலை கொதிக்கும். தண்ணீர்த் தொட்டியடியில்தான் முதல் சண்டை வரும். உங்களிடம் தண்ணீர் லாரி இருக்கிறது, அதை இந்தப் பேச்சில் உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துங்கள். ஒரு நடை தண்ணீர் கேம்ப்புக்கு என்று எழுதிக்கொண்டு, பதிலுக்கு இரவு ஓட்டுநர்களுக்குத் தனி அறை கேளுங்கள். தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்றோ வெப்பம் தடுக்கும் பலகையோ அடித்த கூரை, ஜன்னலில் கறுப்புத் துணி, ஆளுக்கு ஒரு மின்விசிறி. பகலில் ஜெனரேட்டரை அந்த அறைக்குப் பக்கத்தில் ஓட்டக் கூடாது. காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரை யாரும் அவர்களை எழுப்பக் கூடாது. டீசல் கணக்குக்கோ கையெழுத்துக்கோ சூப்பர்வைசர் வந்து தட்டினாலும் எழுப்பக் கூடாது. முதன்மைக் கம்பெனி தங்குமிடமும் குடிநீரும் கழிப்பறையும் தருவது தயவல்ல, ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய சட்டத்தில் அவர்களுடைய கடமை. தயங்காமல் கேளுங்கள். சைட் பொறியாளர் அறையில் ஏ.சி. ஓடுகிறது, அது அவருக்குத் தேவைதான். இரவு முழுக்க 20 டன்னை இழுத்துவிட்டு வந்தவருக்கு ஒரு விசிறியாவது தேவையில்லையா?

உளுந்தூர்பேட்டை உங்கள் ஊருக்குப் பக்கம் என்பது பெரிய வாய்ப்பு. சைட் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் கேம்ப்பை நம்பவே வேண்டாம். காலையில் ஒரு வேனில் அவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து, அவரவர் வீட்டில் தூங்கவிட்டு, மாலையில் கொண்டுபோய் விடலாம். டிப்பரையோ மோட்டார் சைக்கிளையோ அவர்களே ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, களைப்பு உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். வேன் செலவு மெடியன் உரசலில் போன பம்பரை விடக் குறைவு. வீட்டில் பகலில் கதவைச் சாத்திக் குழந்தைகளை அடக்கிவைக்கும் வேலை அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையில் விழும் என்பதும் தெரிகிறது. அதை அந்தப் பெண்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் மனைவி கூட வந்தால் இன்னும் நல்லது.

பெரியவருக்கு வருகிறேன். குறட்டையைப் பற்றிப் பையன் சிரித்திருக்கிறான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை அதிரும் குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். பலருக்கு அது நேர்மாறு. தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருவதால் எழும் சத்தம் அது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அவர்களுக்குத் தூங்கிய பலன் இருக்காது. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறி எழுகிறாரா என்று பையனைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக நோய் மருத்துவரிடமோ அழைத்துப்போங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. அதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். 51 வயதில் இரவு எதிர்வரும் விளக்கின் கூச்சம் தெளிய இளைஞனைவிட அதிக நேரம் எடுக்கும். 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்பது இப்போது புதிய சட்டத் தொகுப்பிலேயே வந்துவிட்டது, அதனால் அவரைத் தனியாகச் சந்தேகப்பட்டதாக இருக்காது. மூன்று ஓட்டுநர்களையும் ஒன்றாக அழைத்துப்போங்கள். முடிவு வரும்வரை அவருக்குப் பகல் வேலை கொடுங்கள், தண்ணீர் லாரி இருக்கிறதே.

மெடியன் விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். அவர் ஏன் மறைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். பம்பர் செலவைச் சம்பளத்தில் பிடிப்பீர்கள் என்று பயந்திருக்கலாம். உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த கை தவறிவிட்டது என்று உங்களிடமே சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது என்று தோன்றுகிறது. மற்றவர்கள் முன்னால் வேண்டாம், பையன் சொன்னான் என்றும் வேண்டாம், அவன் இனிமேல் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டான். பம்பரில் பெயின்ட் போயிருக்கிறதை நீங்கள் பார்த்ததாக இருக்கட்டும். செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனி எந்த ஓட்டுநர் இப்படிக் கண் அசந்ததை வந்து சொன்னாலும் ஒரு பைசா பிடிக்க மாட்டேன், அன்று இரவு வண்டியை ஓரம் கட்டித் தூங்கினாலும் அந்த இரவுச் சம்பளம் உண்டு என்று அவர் வாயிலாகவே மற்றவர்களுக்கும் போய்ச் சேரட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், அவர் குளித்துவிட்டு வந்து உட்காரும் நேரத்தில், அவர் வீட்டுத் திண்ணைக்கே போங்கள். டீ வந்த பிறகு பேச்சை எடுங்கள். ஏன் இடித்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். 'அன்றைக்குப் பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அண்ணே? அது எத்தனையாவது நடை?' என்று கேளுங்கள். பதிலை அவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.